ஓரமாகக் கூப்பிட்டு ஆதரவு சொன்னவர்

எங்கள் சித்தப்பா பஸ் டிரைவர். டிப்போவில் அவருக்கு 'நடுநிலை' என்று பட்டப்பெயர். டீயா காபியா என்று கேட்டால்கூட, "மத்தவங்க என்ன சொன்னாங்க?" என்று விசாரித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அதே டிப்போ ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து இந்தக் கூத்தையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

பஸ் கழுவுகிறவர்கள் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துக் காலனி ஜனங்கள். நாங்கள் சாப்பிடும் அறையில் அவர்கள் உட்காரக் கூடாது. எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லை, மீறினவரும் இல்லை. பஸ் கழுவும் கொட்டகையில், டீசல் நாற்றத்தில், ஈரத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

சித்தப்பாவுக்கு அது உறுத்தும். நிஜமாகவே உறுத்தும், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆறு வருஷம் முன்னால் பஸ் கழுவ வந்த ஓர் அக்காவை அவ்வப்போது ஓரமாகக் கூப்பிட்டு, "எனக்கு ஒண்ணுமில்லம்மா, மத்தவங்கதான் ஒத்துக்க மாட்டாங்க. நான் உங்க பக்கம்தான்," என்று கிசுகிசுப்பார். ஏதோ திருட்டுச் சாமானைக் கைமாற்றிவிட்ட மாதிரி விறுவிறு என்று போய்விடுவார்.

ஒருநாள் அந்த அக்கா டிரைவர்கள் சங்கத்துக்கு மனு கொடுத்தார். கூட்டத்தில் குறிப்பெழுத என்னை உட்கார வைத்திருந்தார்கள். சங்கச் செயலாளர், "அவங்களும் உள்ள சாப்பிடலாம்ங்கிறவங்க கை தூக்குங்க," என்றார். முப்பது டிரைவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கைகூட எழவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாசலில் நின்ற அக்கா பேசினார்: "இதுல பதினெட்டு பேரு எங்கிட்ட தனியா வந்து, 'எனக்கு ஒண்ணுமில்ல, மத்தவங்கதான்'னு சொல்லியிருக்கீங்க. அந்த மத்தவங்க யாருன்னு காட்டுங்க, அவங்ககிட்டயே பேசிக்கிறேன்."

சித்தப்பா வாயைப் பிளந்தார். அந்த நல்ல மனசு தனக்கு மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாரே, பாவம்! அவர் கை மெல்லக் கிளம்பிக் காதுவரை வந்து நின்றது.

"சொறியிறீங்களா, ஓட்டு போடுறீங்களா?" என்றார் செயலாளர்.

"ஓட்டுதான்யா!"

அப்புறம் கைகள் மளமளவென்று எழுந்தன. இருபத்தாறு என்று எழுதிக்கொண்டேன்.

மறுநாள் அக்கா டிபன் பாக்ஸோடு உள்ளே வந்தார். சித்தப்பா ஓடிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். முகமெல்லாம் பெருமை. "மொத கை என்னுதும்மா, பார்த்தியா?"

"பார்த்தேண்ணே. ஆறு வருஷம் முன்னாடியே தூக்கியிருந்தா, என்கூட பஸ் கழுவுன எங்கம்மாவும் இங்க உக்காந்து சாப்பிட்டிருப்பாங்க. கடைசிவரைக்கும் கொட்டகையிலயே சாப்பிட்டு, போன மாசம்தான் வேலையவிட்டு நின்னாங்க."

சித்தப்பா அன்று சாப்பிடவில்லை. நானும் என் டிபன் பாக்ஸை மூடி வைத்தேன். அந்த ஆறு வருஷமும் நானும் இந்த அறையில்தான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.