வலி போனதற்கு ஒரு விருந்து

என் அக்கா ஷஹீதாவின் கணவர் சீனி முகம்மது, ஆயர் ஈத்தாமில் சோறும் கறியும் விற்கிற ஒரு நாசி கண்டார் கடையின் சமையல்காரர். முப்பது கிலோ கறிச்சட்டியை அடுப்பிலிருந்து தனியாளாக இறக்குவார். யாராவது கை கொடுக்கப் போனால் முறைப்பார். அந்த வீம்புதான் அவர் முதுகைத் தின்றது.

போன வருஷம் இடுப்பில் தொடங்கிய வலி, இடது கால் வழியாகப் பாதம் வரை இறங்கியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் தனலெட்சுமி ஸ்கேன் படத்தைக் காட்டிப் பொறுமையாக விளக்கினார். முதுகுவலிக்காரர்களில் பெரும்பாலோருக்கு மாத்திரையும் பயிற்சியும் போதுமாம், சிலருக்கு ஊசி. மச்சானுக்கோ முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பை நசுக்குகிறது, பாதத்தில் பலம் குறைகிறது. ஆபரேஷன்தான் என்று அடுத்த வாரமே நாள் குறித்தார்.

"முதுகுல கத்தி வச்சா படுத்த படுக்கைதான்லா," என்றார் மச்சான், லிஃப்டில் இறங்கும்போது.

எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். யாருக்கு அப்படி ஆனது என்று கேட்டால் ஒருவருக்கும் பெயர் தெரியாது. நானும் கேட்கவில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் மெஷின் பழுது பார்க்கிறவன் நான். எனக்காவது புத்தி இருந்திருக்க வேண்டும். என் காரில்தான் அவரை எண்ணெய் போட்டு நீவுகிற ஒருவரிடம் கூட்டிப் போனேன்.

மூன்றாம் நாள் வலி நின்றது. சுத்தமாக நின்றது. மச்சான் சந்தோஷத்தில் அழுதுவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஆபரேஷன் வேண்டாம் என்று சொன்னதும் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஃபாத்திஹா ஓதி, நெய்ச்சோறு ஆக்கி, மத்தியானம் விருந்து வைத்தார். வந்தவர்களை வழியனுப்பக் கார் நிறுத்துமிடம் வரை நடந்தார். திரும்பி வரும்போது மகள் ஐனா கேட்டாள், "அத்தா, ஒரு செருப்பு எங்க?"

அவர் குனிந்து பார்த்தார். இடது கால் வெறுங்காலாக இருந்தது. செருப்பு படிக்கட்டிலேயே கழன்று கிடந்தது. தார் ரோட்டுச் சூட்டில் உள்ளங்கால் கொப்புளித்திருந்தது. அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"வலி போனா குணமாயிடுச்சுன்னு நெனச்சிட்டீங்க அண்ணே," என்றார் டாக்டர், மறுநாள். "நரம்பு செத்துக்கிட்டு இருந்துச்சு. அதான் வலிக்கல."

அன்றே ஆபரேஷன் செய்தார்கள். எட்டு மாதம் ஆகிறது. கத்தி அவரை ஒன்றும் செய்யவில்லை, படுக்கையிலும் விழவில்லை. ஆனால் பாதத்தைத் தூக்க வரவில்லை. பிளாஸ்டிக் பட்டை மாட்டி இழுத்து இழுத்து நடக்கிறார். கடையில் வேறொருவர் சட்டி இறக்குகிறார். அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து நான் போனால், பட்டையைக் கழற்றிக் காலை நீட்டுவார்.

"கிள்ளிப் பாரு தம்பி."

ரத்தம் கட்டும் அளவுக்குக் கிள்ளுவேன். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு வலிக்காகக் காத்திருப்பார்.

"இன்னும் கிள்ளலையா தம்பி?" என்பார்.