மெத்தை காய்ந்திருக்க வேண்டும்

அந்தக் காலத்தில் ரேடியோ வைத்துக்கொள்ள லைசன்ஸ் வேண்டும். சைக்கிளுக்குக்கூட முனிசிபாலிட்டியில் வரி கட்டி வில்லை வாங்க வேண்டும். படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு மனிதனைக் குளிப்பாட்டிச் சோறூட்ட மட்டும் எவனும் எதையும் காட்ட வேண்டியதில்லை. கை கால் இருந்தால் போதும்.

மல்காஜ்கிரியில், அண்ணன் வீட்டில், அப்பா வாதம் வந்து படுத்திருந்தார். அரசாங்கத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தவர். மயிரிழை அளவு கூடினாலும் உருப்படிக்குச் சிவப்புப் பெயின்ட் பூசி ஒதுக்கிவிடுவார். அதே கண்ணோடுதான் தன்னைப் பார்த்துக்கொள்ள வந்தவர்களையும் பார்த்தார். முதலில் வந்தவள் ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்த தெலுங்குப் பெண். வலிக்காமல் அவள் அவரைப் புரட்டிப் படுக்கவைத்ததைப் பார்த்து எனக்கு அப்பாடா என்றிருந்தது. அப்பா பார்த்தது வேறு.

"தம்ளருக்குள்ள விரல விடுதா. அனுப்பிரு."

அடுத்து வந்தவனிடம் பீடி நாற்றம். அதற்கடுத்தவன் நகம் வெட்டவில்லை. எல்லாம் உண்மைதான். குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள்; அப்பாவுக்கு வேலையாள்கூட மிஞ்சவில்லை.

இரண்டாவது தடவை வந்த வாதம் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. மதினிக்கு முகம் தெளிந்ததை நான் பார்த்தேன்.

"இனி யாரு வந்தாலும் பாஸ்தான்" என்று என் காதுபடவே சொன்னாள்.

நாச்சாரத்தில் ஏதோ கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்த ஒருவனை அண்ணன் கூட்டிவந்தான். அண்ணனும் அப்பாவின் தொழிற்சாலையில்தான் இருந்தான். அவருக்குப் பிறந்தவன் சோதனை வைக்காமல் விடுவானா? வேலையிலிருந்து வந்ததும் மெத்தையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பான். காய்ந்திருந்தால் பாஸ். தினமும் காய்ந்திருந்தது. இப்படி ஓர் ஆள் தவம் கிடந்தாலும் கிடைக்க மாட்டான் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டான்.

நான் மெட்டுகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தேன். சித்திரை வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது அப்பாவின் உதடு வெடித்திருந்தது. நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கிடந்தது. தம்ளரில் தண்ணீர் எடுத்தேன். அந்த ஆள் ஓடிவந்து மறித்தான்.

"பானி நக்கோ அம்மா! பிஸ்தர் பூரா பீக் ஜாதா!"

தண்ணீர் கொடுத்தால் படுக்கை நனையுமாம். அதனால் கொடுப்பதே இல்லையாம். ஒளிவுமறைவே இல்லாமல் சொன்னான். மெத்தையைக் காப்பதுதான் தன் வேலை என்று நினைத்திருந்தான். அவனுக்கு அப்படித்தானே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

நான் கொடுத்தேன். அப்பா தம்ளர் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு குடித்தார். கொஞ்ச நேரத்தில் மெத்தை நனைந்தது. அண்ணன் வந்து உள்ளங்கையை வைத்தான்.

"தண்ணி குடுக்காம கொல்லுதான் அண்ணே" என்றேன்.

"நீ வந்தாத்தான் நனையுது. தெனமும் வந்து அள்ளிப் போட நீ இருப்பியா?"

"என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"மகன் இருக்கயில மக வீட்டுலயா? நாலு பேரு என்ன சொல்லுவாக?" என்றாள் மதினி.

நாலு பேர்! அந்த நாலு பேரில் ஒருவராவது வந்து ஒரு வாய் தண்ணீர் கொடுத்ததில்லை. ஆத்திரத்தில் கிளம்பி, வாசலில் செருப்பை மாட்டும்போது உள்ளே பளீரென்று ஓர் அடி விழுந்தது. திரும்பி ஓடினேன். அப்பாவின் தொடை சிவந்திருந்தது; அந்த ஆள் துண்டும் கையுமாகக் குனிந்திருந்தான். அண்ணன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

"தொடச்சு விடுதான்" என்றான்.

அடுத்த ஞாயிறும் போய்த் தம்ளரை நீட்டினேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. கதவோரம் நின்ற அந்த ஆளைப் பார்த்தார். பிறகு வாயை இறுக மூடிக்கொண்டார். கெஞ்சினேன், திறக்கவில்லை. உதட்டில் ஊற்றிய தண்ணீர் தாடை வழியாக இறங்கியது. மெத்தையில் விழுமுன் அவன் துண்டால் ஒற்றி எடுத்தான்.

"பாத்தியா, அவுகளுக்கே வேண்டாம்" என்றான் அண்ணன்.