மூன்றாவது கதிரை

எங்கள் நாடகக்குழுவில் ஒரு வழக்கம் உண்டு. மேடையில் புருசன் பெண்சாதியாக வருகிறவர்கள் வீட்டிலும் புருசன் பெண்சாதியாகவே இருக்கவேண்டும். வேறொருவர் மனைவியின் தோளில் ஒருவர் கை வைத்துவிட்டால் அடுத்த கிழமை ஒஸ்லோ முழுக்க அதுதான் கதை. ஆகவே என் கணவருக்கு வேடம் கிடைத்ததும் எனக்கும் கிடைத்தது. என் நடிப்பைப் பார்த்து ஒருவரும் கூப்பிடவில்லை.

அது ஒரு பழைய அமெரிக்க நாடகம். சென்னையிலிருந்து இங்கே வேலைக்கு வந்த பொறியியலாளர் ஒருவர் அதைத் தமிழாக்கி, எல்லிங்ஸ்ருட் மண்டபத்தில் ஞாயிறு பின்னேரங்களில் எங்களைப் பழக்கினார். கதையில் மூன்றே பேர்: கணவன், மனைவி, வேலை போய் அண்ணன் வீட்டோடு வந்து தங்குகிற தம்பி. அவள் தைக்கிற அறையை, அவளிடம் ஒரு சொல் கேட்காமல், கணவன் தம்பிக்குக் கொடுத்துவிடுகிறான். அவன் கெட்டவன் இல்லை. தம்பியென்றால் உயிர். தம்பிக்கும் அண்ணியில் மரியாதைதான். ஆனால் அண்ணனும் தம்பியும் பாசமாய் இருப்பதற்கு வாடகை கட்டுகிறவள் அவள். கடைசிக் காட்சியில் இரண்டு ஆண்களும் மேசையில் சாப்பாட்டுக்குக் காத்திருக்க, அவள் மூன்றாவது கதிரையை இழுத்துப்போட்டு அதில் இருக்கிறாள். எழும்பு என்கிறான் கணவன். அவள் எழும்பவில்லை. திரை விழுகிறது.

முதல்தரம் வாசித்தபோது அந்தக் கடைசிப் பக்கத்துக்கே திரும்பத் திரும்ப வந்தேன். என் கணவரும் கெட்டவர் இல்லை. குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார். நான் வாயைத் திறந்தால் சனம் இதைத்தான் எனக்குத் திருப்பிச் சொல்லும், உனக்கென்ன குறை என்று கேட்கும். நானும் குறையைச் சொல்லத் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தேன். முதியோர் இல்லத்தில் நாள் முழுக்க ஆட்களைத் தூக்கி இறக்கி, மெட்ரோவில் வெஸ்ட்லியில் இருக்கிற வீட்டுக்கு வந்து, சமைத்து, அவருக்குப் போட்டு, அவர் கை கழுவிய பிறகு குசினியில் நின்றபடியே சாப்பிடுவேன். அப்படிச் செய் என்று ஒருவரும் சொன்னதில்லை. வந்து கதிரையில் இரு என்றும் ஒருவரும் சொன்னதில்லை. அந்த அமெரிக்கக்காரி செய்த காரியத்தை ஒரு தரமாவது சனத்துக்கு முன்னால் செய்துவிடவேண்டும் என்று எனக்கு வெறி பிடித்தது.

பிறகுதான் படம் வந்தது. அந்த நாடகத்தை ஹொலிவூட்டில் படமாக எடுத்திருக்கிறார்கள், எல்லாரும் பார்த்தால் நல்லது என்று சென்னைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துச் சுவரில் போட்டுக் காட்டினார். கறுப்பு வெள்ளை, அழகான ஆட்கள். தம்பியைப் பகிடிக்காரன் ஆக்கிவிட்டிருந்தார்கள். அவனுக்கும் அண்ணிக்கும் நடுவில் இருந்த கசப்பெல்லாம் சிரிப்பாகிப் போய்விட்டது. முடிவில் அவள் கதிரையில் இருக்கிறாள், கணவன் தோளில் கை வைத்துக் கண் கலங்குகிறான், வயலின் ஒலிக்கிறது, அவள் எழும்பிச் சிரித்துக்கொண்டே சூப் ஊற்றுகிறாள். நாசமாய்ப் போவார்கள், இதற்கா அவள் அவ்வளவு நேரம் பொறுத்திருந்தாள்?

என் கணவருக்கு அந்த முடிவு பிடித்துவிட்டது. எங்கட சனத்துக்கு இதுதான் சரிவரும், மற்றதைப் போட்டால் எங்கள் வீட்டுக் கதையை மேடையேற்றினமாதிரி இருக்கும் என்றார். இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்றும் சொன்னார். அவர் விலகினால் வழக்கப்படி நானும் விலகவேண்டும், பிறகு நாடகம் எங்கே? சென்னைக்காரர் தலையைச் சொறிந்தார். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க அக்கா, சீன் டச்சிங்கா இருக்கும் என்று என்னிடம் கெஞ்சினார். பல்லைக் கடித்துக்கொண்டு சூப் ஊற்றிப் பழகினேன்.

நாடகம் ஒரு சனிக்கிழமை பின்னேரம். மண்டபம் நிறைந்த சனம். கடைசிக் காட்சியில் கதிரையை இழுத்தேன், இருந்தேன். அவர் வந்து தோளில் கை வைத்தார். கண்ணும் கலங்கியது, சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் நடித்தார். வயலின் தொடங்கியது. நான் எழும்பவேண்டிய இடம். எழும்பவில்லை.

வயலின் ஓடி முடிந்தது. தம்பியாக நடித்தவர் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் தோளை மெல்ல அழுத்தினார். பிறகு குனிந்து, நாடகத் தமிழை விட்டுவிட்டு, வீட்டில் கதைக்கிற குரலில் சொன்னார். சட்டையில் ஒலிவாங்கி குத்தியிருந்ததை மறந்துபோனார்.

"இஞ்சேரும், சனம் பாக்குது. எழும்பும்."

"பாக்கட்டும்," என்றேன்.

அதுவும் மண்டபம் முழுக்கக் கேட்டது. முன்வரிசை ஆண்கள் அதையும் நாடகம் என்று நினைத்துச் சிரித்தார்கள். பின்வரிசைப் பெண்கள் சிரிக்கவில்லை. எழும்பி நின்று கைதட்டினார்கள். திரைக்குப் பொறுப்பானவர் வேறு வழி தெரியாமல் அதை இழுத்து மூடினார்.

காரில் அவர் கதைக்கவில்லை. மானத்தை வாங்கிவிட்டீர் என்று தொடங்குவார் என்று நான் பதிலெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன், வீணாய்ப் போனது. அடுத்த நாள் மத்தியானம் சோற்றையும் கறியையும் மேசையில் வைத்தேன். அவர் வந்து இருந்து, வழக்கம்போலத் தட்டுக்கு முன்னால் காத்திருந்தார். என் கை தானாகவே அகப்பைக்குப் போகப் பார்த்தது. பிடித்து நிறுத்தினேன். அவருக்கு எதிரே நானும் இருந்தேன். பயமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். மேடையில் என்றால் யாராவது திரையை இழுப்பார்கள். ஆனாலும் அவர் தலைகீழாக நின்றாலும் இன்றைக்கு எழும்புவதில்லை என்று இருந்தேன்.

சோறு ஆறிக்கொண்டிருந்தது. கனநேரத்துக்குப் பிறகு அவர் எழும்பினார். வெளியே போகப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அகப்பையை எடுத்தார். என் தட்டை எடுத்தார். எடுத்துக்கொண்டு அப்படியே நின்றார். முகத்தில் கோபம் இல்லை, தெரியாத இடத்தில் இறங்கிவிட்ட பயணியைப்போல என்னைப் பார்த்தார்.

"உமக்கு எவ்வளவு போடுறது?" என்று கேட்டார்.

கல்யாணம் கட்டி, பிள்ளைகளை வளர்த்து, பேரப்பிள்ளையும் கண்டாயிற்று. நான் எவ்வளவு சாப்பிடுவேன் என்று அந்த மனிசனுக்குத் தெரியாது.

"நிறையப் போடுங்கோ," என்றேன்.