சோளக் கொத்தைக் கண்டுபிடித்தது அக்கா அல்ல

அக்காவின் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்து, பந்தியில் உட்காரும் முன் இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் அயலவர்களுக்கும் வணக்கம். இதை எழுதச் சொன்னவர் அக்காவின் மூத்த மகன். "சித்தி, பிள்ளைக்காம்பராவில அத்தன வருசம் ரிப்போட் எழுதுனவங்க நீங்கதான். நீங்களே எழுதிக் குடுங்க. ஆனா நல்லதா எழுதுங்க" என்றார். தாய்மார் மலைக்குப் போகும்போது விட்டுச் செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு வாழ்நாளைக் கழித்தவள் நான். நல்லதாக எழுதத் தெரியும். பொய்யாக எழுத மாட்டேன். பிடிக்காதவர்கள் படத்தை மட்டும் பார்த்துவிட்டு மலரை மூடி வைக்கலாம்.

அக்கா, புளத்கொகுபிட்டியவுக்கு மேலே உள்ள தோட்டமொன்றில், ரப்பர் பால் வெட்டும் அப்பாவுக்கும் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கும் மூத்த மகளாகப் பிறந்தார். நான்கு வருடம் கழித்து நான் பிறந்தேன். அவரைக் கேட்காமல் பிறந்ததுதான் நான் செய்த முதல் குற்றம். ஐந்தாம் வகுப்போடு அவரை நிறுத்தி மலைக்கு அனுப்பினார்கள். என்னைச் சாதாரண தரப் பரீட்சை வரை படிக்க வைத்தார்கள். "நான் கொழுந்து எடுத்தேன், நீ படிச்ச" என்று அவர் சொல்லாத வாரம் கிடையாது. அது உண்மைதான். ஆனால் ஒரே உண்மையை நாற்பது வருடம் கேட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

அத்தான் மண்சரிவில் போன பிறகு, இரண்டு மகன்களையும் அக்கா தனியாகவே வளர்த்தார். யாரிடமும் போய் நிற்கவில்லை. காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஒரு நாளும் பிந்திப் போனதில்லை. நிறுவையில் ஏமாற்றப் பார்த்த கணக்குப்பிள்ளையைச் சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறித் திட்டி, கொழுந்தைத் திரும்ப நிறுக்க வைத்தவர் அவர். இவையெல்லாம் நற்குணங்கள் என்பதை நான் மறுக்கவில்லை. அதே வாயால் என்னையும் திட்டினார் என்பதைத்தான் சேர்த்துச் சொல்கிறேன்.

ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் இருக்கும் எங்கள் லயத்தில் அவருடைய காம்பராவும் என்னுடையதும் ஒட்டியே இருந்தன. நடுவில் ஒரு சுவர். லயத்துச் சுவர் கூரை வரை போகாது என்பது உங்களுக்குத் தெரியும். இருமினால் கேட்கும், தாளித்தால் மணக்கும்.

கோதுமை மா கடையில் இல்லாமல் போன வருடத்தை நீங்கள் மறந்திருக்க முடியாது. காலையிலும் ரொட்டி, மலைக்குக் கட்டிக்கொண்டு போவதும் ரொட்டி என்று வாழ்ந்த நமக்கு அது பெரிய அடி. நிவாரணம் என்று ஒரு லொறி வந்து, வீட்டுக்கு ஒரு மூடை சோள மாவை இறக்கிவிட்டுப் போனது. லயமே மூக்கைச் சுளித்தது. நமக்குச் சோளம் என்றால் கோழித்தீனி. வேறு வழியில்லாமல், கோதுமை மாவைப் பிசைவதுபோலவே பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தார்கள். ஒட்டவில்லை. அக்காவின் ரொட்டி கல்லிலேயே மூன்றாக உடைந்தது. களியாகக் கிண்டினார். கட்டி கட்டியாக, உப்புச் சப்பில்லாமல் வந்தது. பிள்ளைகள் துப்பினார்கள். மிஞ்சியதை அவர் கோழிக்குப் போட்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

எனக்கு அந்த மாவின் குணம் தெரியும். பிள்ளைக்காம்பராவில் சத்து மா கரைத்த கை இது. யார் முதலில் செய்தது என்று இனி ஒருவருக்கும் சந்தேகம் வராதபடி செய்முறையை இங்கேயே அச்சில் ஏற்றிவிடுகிறேன். சோள மாவை முதலில் எண்ணெய் விடாமல் மணம் வரும்வரை வறுக்க வேண்டும். உப்பை மாவில் போடக் கூடாது, தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். அந்தக் கொதிநீரை மாவில் ஊற்றிக் கிளறி மூடிவிட வேண்டும். கை பொறுக்கும் சூட்டில் துருவிய தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை போட்டுப் பிசைந்து தட்டினால் ரொட்டி உடையாது. களி என்றால் இறக்கப்போகும் நேரத்தில் கொஞ்சம் தேங்காய்ப்பால். மிளகாய் இடித்த கட்டச்சம்பல் இல்லாமல் அதைப் பரிமாறுகிறவர்களை என்னால் மன்னிக்க முடியாது.

மிஞ்சிய களியைத் தட்டில் பரப்பி வைத்தால் மறுநாள் கல்லாக இறுகிவிடும். அதைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஓரம் முறுகும்வரை எண்ணெயில் பிரட்ட வேண்டும். பிறகு அரிந்த முட்டைக்கோவா, லீக்ஸ், பொரித்த நெத்தலிக் கருவாடு, செத்தல் மிளகாய்த் தூள், பானையில் மிஞ்சிக் கிடக்கும் பருப்புக் கறி ஒரு கரண்டி. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொத்தி, இறக்கும்போது எலுமிச்சை பிழிய வேண்டும். இதுதான் சோளக் கொத்து. இதை முதலில் செய்தவள் நான்.

அன்று கருவாடு பொரிந்த மணம் சுவருக்கு மேலால் போய்விட்டது. அடுத்த நிமிடம் அக்கா என் வாசலில் நின்றார்.

"என்னாடி வாசம்?"

"மிஞ்சுன களி."

ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டார். இன்னொரு வாயும் கேட்டு வாங்கினார். "உப்பு கூடிப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் மாலை, டவுன் கடைகளில் கொத்து ரொட்டி போடுகிறவர்கள் மாதிரி, இரண்டு தகரத் தட்டுகளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு ரொட்டிக் கல்லில் டக்கு டக்கென்று அடித்துக் கொத்தினார் அக்கா. சத்தம் கேட்டு மேல் லயம், கீழ் லயம் எல்லாம் ஓடி வந்தன. கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார். நான் கத்தியால் சத்தமில்லாமல் வெட்டியிருந்தேன். நான் செய்த பிழை அவ்வளவுதான். அன்றிலிருந்து லயத்துப் பிள்ளைகள் வாயில் அது 'பெரியம்மா கண்டுபிடித்த கொத்து' ஆகிவிட்டது.

கோயில் திருவிழாவுக்கு எல்லோருக்கும் சோளக் கொத்துப் போட வேண்டும் என்று கமிட்டிக்காரர்கள் அக்காவிடம் வந்து கேட்டார்கள். திருவிழா அன்று அவர் பரிமாறிக்கொண்டிருந்தபோது நான் கூட்டத்தின் நடுவில் போய் நின்று, "அது நான் செஞ்சது. இவ செவுத்துக்கு மேல மோந்து புடிச்சவ" என்றேன்.

அக்கா கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "நீ செஞ்சத நாய்தான் மோந்துட்டுப் போச்சு. நான் செஞ்சத ஊரே திங்குது. போடி" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் இன்று இந்த மலரை வைத்திருக்கிறீர்கள். யார் யார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அதன் பிறகு இரண்டு வருடம் நானும் அக்காவும் பேசவில்லை. நான் சமைக்கத் தொடங்கினால் அவர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவார். அவர் வாசல் கூட்டினால் குப்பை என் பக்கம் வரும். நானும் சும்மா இருக்கவில்லை, அவருடைய கோழி என் பாத்திக்குள் கால் வைத்தால் லயம் முழுக்கக் கேட்கக் கத்துவேன். நான் வேலையில் இருக்கும்போது மழை வந்தால், கொடியில் காயும் என் துணிகளை எடுத்து என் வாசலுக்குள் எறிந்துவிட்டுப் போவார். மடிக்க மாட்டார். ஆனால் ஒன்றும் நனைந்திருக்காது. பொய்யாக எழுத மாட்டேன் என்று சொன்னதால் இதையும் எழுதுகிறேன்.

பிறகு அவருக்கு வயிற்றில் நோய் வந்தது. கரவனெல்ல வைத்தியசாலையில் சேர்த்த நான்காம் நாள் மூத்த மகன் என் வாசலில் வந்து நின்றார். "சித்தி, அம்மா எதையும் தொட மாட்டேங்குது. உங்ககிட்ட களி மிஞ்சியிருக்கான்னு கேட்டுட்டு வரச் சொல்லுச்சு" என்றார்.

மிஞ்சியிருக்கிறது என்றேன். பொய். அன்று வீட்டில் ஒரு பிடி களியும் இல்லை. அவசரமாகக் கிண்டி, தட்டில் பரப்பி, மலையிலிருந்து குளிர்ந்து விழும் பீலித் தண்ணீரில் வைத்து இறுக வைத்து, வெட்டிக் கொத்திக்கொண்டு பகல் பஸ்ஸில் போனேன்.

அக்கா பாதியாகிப் போயிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான்கு கரண்டி சாப்பிட்டார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீதான்டி மொதல்ல செஞ்ச. எனக்குத் தெரியாதா? உன் கைப்பக்குவம் எனக்கு வரல."

"அத லயத்துல வந்து சொல்லு. ஒன் மகன்கிட்டயாவது சொல்லு" என்றேன்.

"அதெல்லாம் சொல்ல மாட்டேன்."

பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்கள அம்மா, நல்ல வாசமாக இருக்கிறதே, என்ன அது என்று கேட்டார். அக்கா அவருக்கு ஒரு கரண்டி கொடுக்கச் சொன்னார். பிறகு, இரண்டு வருடமாக என் பெயரையே சொல்லாத அதே வாயால், "மே மகே நங்கி" என்று ஆரம்பித்தார். இவள் என் தங்கச்சி, இந்தச் சாப்பாட்டை நான்தான் இவளுக்குக் கற்றுக்கொடுத்தேன், இன்னும் சரியாக வரவில்லை என்று சுத்தமான சிங்களத்தில் சொல்லி முடித்தார்.

"சாகப் போற நேரத்துலயும் நீ திருந்த மாட்ட" என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அக்கா சிரித்தார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ இல்லை. கோபப்பட ஆள் இல்லாமல் ஒரு மனுசி எப்படி இருப்பது என்று யாராவது எனக்குச் சொல்லித் தந்தால் புண்ணியமாகப் போகும்.

அக்காவை வைத்தியசாலைக்குக் கொண்டுபோன ஓட்டோக்காரத் தம்பிக்கும், அவரைப் பார்த்துக்கொண்ட தாதிமாருக்கும், இழவு வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த அயல் வீட்டாருக்கும், இதில் ஒரு வரியையும் வெட்டாமல் அச்சடிப்பதாக வாக்குக் கொடுத்த அக்காவின் மூத்த மகனுக்கும் நன்றி. அன்று திருவிழாவில் சிரித்தவர்களுக்கு நன்றி கிடையாது. சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அக்காவின் உடலை எடுக்கப் போன அன்று, பக்கத்துக் கட்டில் அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சாப்பாட்டை அக்காவிடம் முழுதாகப் படித்து முடித்தாயா என்று சிங்களத்தில் கேட்டார். எனக்கும் சிங்களம் நன்றாக வரும். நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லியிருக்கலாம், அவர் நம்பியும் இருப்பார்.

"ஓவ்", ஆமாம் என்றேன். அக்காதான் கற்றுக்கொடுத்தார் என்றேன்.