காளியம்மன் மதகை மூடிய காலை

பிரகாஷின் தாடையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நான் வாய்க்காலில் நின்றேன். தண்ணீர் அவன் கீழுதட்டைத் தொட்டுவிட்டது. அவன் என்னையே பார்த்தான். அப்படி ஒரு பயம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. அம்மனை நம்பும் உங்களிடம் இதைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

என் பெயர் முத்து. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. நான்தான் விட்டேன் என்று வெளியில் சொல்வேன். யாரையாவது கேலி செய்யாமல் எனக்குப் பொழுது போகாது.

போன ஆனி மாதம், தஞ்சாவூரில் இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகள் நாலு பேர் வந்தார்கள். போட்டிக்கு ஒரு வண்டி கட்டுகிறார்களாம். பெட்ரோல் இன்ஜினும் உண்டு, பேட்டரி மோட்டாரும் உண்டு. இரண்டும் சேர்ந்து இழுத்தால் பறக்குமாம். ஹைப்ரிட் என்றார்கள்.

"ஒரே வீட்ல ரெண்டு மாப்ள மாதிரில்ல இருக்கு. இதுல எவன் வேல செய்வான்?" என்றேன்.

அவர்கள் டீம் கேப்டன் நிவேதா சிரிக்கவில்லை. "அண்ணா, நீங்க வெல்டிங்க மட்டும் பாருங்க."

பைப் வளைத்து வண்டிக்குக் கூடு செய்து கொடுத்தேன். யானை ஏறினாலும் என் வெல்டு விடாது என்று பீற்றிக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணி. வாய்க்கால் கரை ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். ஓட்டியவன் பிரகாஷ். ஒல்லிப் பையன். நான் அதிகம் சீண்டுவது அவனைத்தான். பயந்து பயந்து மெதுவாகப் போனான். நான் சும்மா இருந்தேனா?

"தம்பி, வாத்து ஓவர்டேக் பண்ணுது பாரு! மிதிடா!"

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. மிதித்தான். இன்ஜினும் மோட்டாரும் ஒன்றாக இழுத்தன. வளைவில் திருப்ப முடியவில்லை. வண்டி சாய்ந்து வாய்க்காலில் விழுந்தது.

ஓடினேன். நிவேதா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "எறங்காதீங்க! தண்ணில கரண்டு இருக்கலாம்!" மெயின் சுவிட்ச் தண்ணீருக்கு மேலே சிவப்பாகத் தெரிந்தது. மூங்கில் கழியால் அதை எட்டிக் குத்தினாள். இரண்டு தடவை தவறியது. மூன்றாவது குத்தில் அமுங்கியது. குதித்தோம்.

பெல்ட்டை அறுத்தோம். கால் மட்டும் வரவில்லை. மடங்கிய பைப்புக்கும் பெடலுக்கும் நடுவே கணுக்கால் சிக்கியிருந்தது. நான் ஒட்டிய பைப். கழி போட்டு நெம்பினோம். யானைக்கே விடாதது எங்களுக்கா விடும்? ஒரு பையன் ரம்பம் எடுக்கப் பட்டறைக்கு ஓடினான்.

குறுவைக்கு அன்று காலையில்தான் முறைத்தண்ணீர் விட்டிருந்தார்கள். போதாததற்கு வண்டி குறுக்கே கிடந்து தண்ணீரைத் தேக்கியது. மார்பில் இருந்தது கழுத்துக்கு வந்தது.

அரைக் கிலோமீட்டர் மேலே மதகு. அதைத் திறந்து மூடுகிற லஸ்கர் செல்லத்துரை. நான் நம்பர் சொல்ல, நிவேதா கரையில் கிடந்த தன் போனை எடுத்து அடித்து என் காதில் வைத்தாள். என் பாவத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அவரைக் கேலியாகக் 'கலெக்டர் சார்' என்று கூப்பிட்டு, 'கரை ஒடைஞ்சிருச்சு' என்று மூன்று தடவை பொய்யாகப் போன் செய்து அந்த மனுஷனை ஓடவிட்டுச் சிரித்தவன் நான்.

"அண்ணே, முத்து பேசுறேண்ணே. மதக மூடுங்கண்ணே. ஒரு பையன் முங்குறான்!"

"போடா வேலயத்தவனே. நாலாந்தடவயும் ஓடியார நான் என்ன கேனயனா?"

வைத்துவிட்டார். மறுபடி அடித்தால் எடுக்கவில்லை. மதகின் பூட்டுச் சாவி அவரிடம்தான் இருக்கிறது. காலில் விழுந்தாவது கூட்டி வருகிறேன் என்று நிவேதா ஓடினாள்.

பிரகாஷ் கேட்டான்: "அண்ணா, ஒண்ணும் ஆகாதுல்ல? ஏதாச்சும் கிண்டல் பண்ணுங்கண்ணா. பயமா இருக்கு."

எனக்குத் தெரிந்ததெல்லாம் கேலிதான். மந்திரம் தெரியாது. எங்கள் ஊர்க் காளியம்மனைத்தான் கூப்பிட்டேன். "ஆத்தா, இந்த நாக்குதான் இவன உள்ள தள்ளிச்சு. இத எடுத்துக்க. இவன் மூச்ச விட்டுடு."

தண்ணீர் வாயை மூடியது. மூக்கால் மட்டும் மூச்சு விட்டான். அந்த மூக்கைப் பார்க்கத் தைரியமில்லாமல் கண்ணைத் திருப்பினேன். பக்கத்தில் வண்டிக் கூட்டின் பைப் நின்றது. தண்ணீருக்கு மேலே, அதில் ஒரு விரற்கடை அகலத்துக்குப் புது ஈரம் பளபளத்தது. இரண்டு விரற்கடை ஆயிற்று. தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது! பிரகாஷ் வாயைத் திறந்து ஓவென்று அழுதான். நானும் அழுதேன். ரம்பம் வந்ததும் என் வெல்டை நானே அறுத்தேன்.

நிவேதா போய்ச் சேர்வதற்கு முன்பே செல்லத்துரை அண்ணன் மதகை இறக்கிக்கொண்டிருந்தாராம்.

"எப்புடிண்ணே நம்புனீங்க?" என்று கேட்டேன்.

"எங்கடா நம்புனேன்? போன வெச்சுட்டு டீயக் கையில எடுத்தேன், உள்ள போவல. என்னிக்காச்சும் என்னய அண்ணேன்னு கூப்புட்டுருக்கியா நீ? கலெக்டருன்னுதான கூப்புடுவ. இன்னிக்கு வாய்க்கு வாய் அண்ணேங்குற. பய நெசமாத்தான் பயந்துருக்கான்னு ஓடுனேன்."

அந்த 'அண்ணே'யை நான் யோசித்துச் சொல்லவில்லை. அதை என் வாயில் வைத்தவள் யார் என்று எனக்குத் தெரியும். நான் வேண்டிக்கொள்ளும் முன்பே கொடுத்துவிட்டிருக்கிறாள்.

ஆடித் திருவிழாவில் நாக்கில் அலகு குத்திக்கொண்டேன். ஊருக்கே அன்றைக்கு நிம்மதி என்றார்கள். பிரகாஷ் நொண்டிக்கொண்டே கூட வந்தான். "அண்ணா, இப்ப ஏதாச்சும் பேசுங்க பாப்போம்" என்று வழியெல்லாம் சீண்டினான். வாயில் அலகோடு கண்ணீர் விட்டுச் சிரித்தேன்.

நாக்கை ஆத்தா திருப்பிக் கொடுத்துவிட்டாள். கேலி இன்னும் உண்டு. பொய் கிடையாது. அடுத்தவனைத் தள்ளிவிடும் பேச்சும் கிடையாது. வேறு பைப் வைத்துப் புதுக்கூடு ஒட்டிக் கொடுத்தேன். கால் வெளியே வர வழி விட்டு.

உங்களுக்கும் உதடு வரைக்கும் தண்ணீர் ஏறும் நாள் வரலாம். மதகு கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருக்கும். மந்திரம் தெரியாவிட்டால் பரவாயில்லை, வாய்விட்டுக் கூப்பிடுங்கள். அவள் அதற்கு முன்பே கிளம்பியிருப்பாள்.