வேர்த்த தரை

மாமியார் அவளுக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். பேசவிட்டால்தானே பேசுவாள்! வாயைத் திறந்தால் பாதியை மாமியார் வெட்டுவார், மீதியைக் கணவன் வெட்டுவான். ஆனால் அவள் வேலை செய்யும் பெயிண்ட் கடையில் அவள் முன்னால்தான் கூட்டம். உளுத்த ஜன்னல் சட்டத்தை அடைக்க ஒரு எபாக்சிப் பிசின், தரையில் பூச வேறு, ஈரம் ஊறும் தரைக்கு அதிலும் வேறு என்று புட்டுப் புட்டு வைப்பாள். தரைக்கு என்று யார் வந்தாலும் முதலில் ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரையில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டச் சொல்வாள். மறுநாள் தாளுக்கு அடியில் வேர்த்திருந்தால், ஈரம் தாங்கும் பிரைமரை அடிப்பூச்சாக அடிக்காமல் எபாக்சியைத் தொடவே கூடாது.

கணவன் சொந்தமாக அச்சகம் வைக்க இடம் பார்த்தான். கட்டடத்தின் சொந்தக்காரர் ஒரே நிபந்தனை போட்டார்: தரையைப் பளிச்சென்று போட்டுக் காட்டினால் கீழே அச்சகம், மேலே குடியிருக்க ஓர் அறை. மாமியார் வீட்டில் அவர்கள் படுப்பது திரை போட்ட கூடத்தில். மேல் அறைக் கதவில் தாழ்ப்பாள் இருந்தது. அவள் அதைப் போடுவதும் திறப்பதுமாக வெகுநேரம் நின்றாள்.

எபாக்சி வாங்க அவன் அவள் கடைக்கே வந்தான். இருப்பதிலேயே மினுக்கான டப்பாவைக் கைகாட்டினான். தாள் ஒட்டிப் பார்த்தீர்களா என்று அவள் கேட்டு முடிக்கவில்லை.

"டப்பா தொடைக்கிறவ நீ. தொடைச்சுக் குடுத்துட்டு உன் வேலையப் பாரு."

முதலாளி இருந்தார், கூட வேலை செய்யும் பெண்கள் இருந்தார்கள், காலையில் அவளிடம் யோசனை கேட்ட தச்சர்கூட இருந்தார். யாரோ சிரித்தார்கள். அவள் டப்பாவைத் துடைத்து, பில் போட்டுக் கொடுத்தாள்.

சாயங்காலம் அச்சகத்தைக் கூட்டப் போனவள், பழக்கதோஷத்தில் மூலையில் ஒரு தாளை ஒட்டிவிட்டு வந்தாள். காலையில் பார்த்தால் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். ஒரு வார்த்தை சொன்னால் போதும், தாழ்ப்பாள் அவளுக்கு. தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை என்று சும்மாவா சொன்னார்கள்! வாளியோடு உள்ளே வந்த கணவன், அங்கே என்ன பராக்குப் பார்க்கிறாய் என்றான். தாளை உரித்து, துடைத்து, மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஒன்றுமில்லை என்றாள்.

தரை என்னவோ ஜோராகத்தான் வந்தது. மாமியார்கூடக் குனிந்து முகம் பார்த்தார். அப்புறம் கொப்புளம் கிளம்பியது. அச்சு இயந்திரத்தை உள்ளே உருட்டினால் சக்கரத்தோடு தோல் தோலாக உரிந்து வந்தது. கட்டடக்காரர் ஒரு துண்டைச் செருப்பு நுனியால் தள்ளினார். இன்னும் ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டு, அதுவும் உரிந்தால் இடத்தைக் காலி செய் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவன் முட்டிபோட்டுச் சுரண்டினான். விரல் கிழிந்து ரத்தம் வந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவளிடம் ஒன்று கேட்டான்.

"எதைப் போட்டா நிக்கும்? நீயாவது சொல்லேன்."

இந்தக் கேள்விக்கு எத்தனை ஏங்கியிருப்பாள்! நெஞ்சு குளிர்ந்துபோயிற்று அவளுக்கு.

"எனக்கு என்னங்க தெரியும்? டப்பா தொடைக்கிறவ."

அவன் மறுபடியும் சுரண்டத் தொடங்கினான். ஒரு பூச்சு போதவில்லை போலிருக்கிறது, இரண்டு பூச்சாகப் போட்டால் ஒட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மறுநாள் அதே டப்பாவைக் கேட்டுக் கடைக்கு வந்தான், இந்தத் தடவை இரண்டு. அவளுக்கு அந்தத் தாழ்ப்பாள் ஞாபகம் வந்தது. இரண்டையும் நன்றாகத் துடைத்து, பில் போட்டுக் கொடுத்தாள்.