சத்தம் வராத கேமராவும் பூவாயி கண்ணும்

ஜெனிட்டா கையில எதக் குடுத்தாலும், இது எதுக்குன்னு கேக்க மாட்டா. உள்ள இன்னா கீதுன்னுதான் கேப்பா. ஒரு தபா என் ஹேர் ட்ரையரக் கழட்டிப் போட்டுட்டா. ஒரு பொண்ணு ஈரத் தலையோட உக்காந்துகினு கீது, இவ ஸ்க்ரூவ எண்ணிகினு கீறா. கத்தினேன். "சூடு எங்கேர்ந்து வருதுன்னு பார்த்தேன்க்கா"ன்னா. இவகிட்ட இன்னாத்த பேசறது, சொல்லுங்க.

நான் ஷபானா. செங்கல்பட்டுல கல்யாணப் பொண்ணுங்களுக்கு மேக்கப் போடறவ. ஜெனி சிங்கப்பெருமாள் கோயில்காரி, போட்டோ எடுக்கறவ. அவ அப்பாவும் அம்மாவும் அடுத்தவன் வயல்ல நாத்து நட்டவங்க. இவ கல்யாணப் பத்திரிகை அடிக்கற வூட்டுக்கெல்லாம் போய் கேமராவ தோள்ல மாட்டிகினு நிக்கறா. நான் முகத்த ரெடி பண்றேன், அவ படமாக்கறா. எங்க ரெண்டு பேருக்கும் சண்டை வராத கல்யாணமே கிடையாது.

அந்த மாசம் அவ கேமராவுக்குக் காலம் முடிஞ்சிட்டுது. அது டிஎஸ்எல்ஆர். உள்ள ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். அது வழியாத்தான் எதிர்ல நிக்கறவங்க நம்ம கண்ணுக்குத் தெரிவாங்க. பட்டன அமுக்கினா கண்ணாடி மேல தூக்கிக்கும், 'டக்'குன்னு சத்தம் வரும், படம் விழும். அந்தக் கண்ணாடி இப்போ நினைச்சா தூக்குது, நினைக்காட்டி மாட்டிக்குது. புதுசு ஒண்ணு வாங்கணும். மறுபடி அதே மாதிரியா, இல்ல கண்ணாடியே இல்லாம, குட்டி ஸ்க்ரீன்ல ஆளக் காட்டற மிரர்லெஸ்ஸா? இதுதான் அவ தலைவலி.

ஸ்டூடியோ நரசிம்மன் அண்ணன்கிட்ட கேட்டா, "கண்ணாடி இல்லாதது கேமராவா? அது டிவி. நீ ஆளப் பாக்கறதில்ல, டிவியில தெரியற ஆளப் பாக்கற"ன்னாரு. யூடியூப்ல கேட்டா, டிஎஸ்எல்ஆர் செத்துப் போச்சு, அடக்கம் பண்ணுங்கன்னு ஒருத்தன் கத்தறான். ஜெனி ரெண்டு பக்கமும் தலையாட்டிகினு வந்து என் பார்லர்ல உக்காந்து, நான் புருவம் எடுக்கறப்ப எல்லாம் அதையே பேசிகினு இருந்தா. எனக்குப் பேஜாரா பூடுச்சு.

அப்போதான் பூவாயியம்மா உள்ள வந்தாங்க.

கம்பெனி கேன்டீன்ல சாம்பார் அண்டா தூக்கற பொம்பள. பேச்சும் அண்டா சத்தம் மாதிரிதான். மவன் பரணிதரனுக்குக் கல்யாணம், மாமல்லபுரத்துல மண்டபம். மருமவ அனுவுக்கு மேக்கப் பேச என்கிட்ட வந்தவங்க, ஜெனி கையில கேமராவப் பார்த்ததும் அப்படியே அவ பக்கம் திரும்பிட்டாங்க.

"நீதான் போட்டோ எடுக்கப் போறவளாமே? என் புள்ள சொன்னான். உனக்கு ஒரே ஒரு வேலை. என் கண்ணு தொறந்த மாதிரி ஒரு போட்டோ வேணும்."

"இன்னா பெரிம்மா, அது எல்லாம் வந்துடும்."

"எல்லாரும் இதத்தான் சொன்னானுங்க." பையிலேர்ந்து படத்த எல்லாம் எடுத்துப் பரப்பினாங்க. அவங்க கல்யாணப் போட்டோ, கண்ணு மூடிக் கீது. பரணிக்கு மொட்டை அடிச்சப்போ எடுத்தது, மூடிக் கீது. நாத்தனா மவ சடங்கு, அதுலயும் மூடிக் கீது. "என் வூட்டுக்காரர் போனப்ப, ரேஷன் கார்டுல கெடந்த படத்தப் பெருசு பண்ணி மாட்டினோம். அது மங்கலா இருந்தாலும் அந்த ஆளு நம்மள பாக்கறாரு. நான் போய்ச் சேர்ந்தா எதம்மே மாட்டுவானுங்க? உயிரோட எடுத்த படத்துலயே பொணம் மாதிரி கீறேன்."

நான் சிரிச்சிட்டேன். அவங்க சிரிக்கல.

ஜெனிக்கு அழுகையும் வரல, சிரிப்பும் வரல. கண்ணு பளபளன்னு ஆயிடுச்சு, ஹேர் ட்ரையரப் பார்த்த அதே கண்ணு. "நில்லுங்க பெரிம்மா"ன்னு அங்கயே ஒண்ணு எடுத்தா. படத்துல கண்ணு மூடிக் கீது. இன்னொண்ணு. அதுவும் மூடிக் கீது. "ஆனா நான் பாக்கறப்ப தொறந்துதானே இருந்துச்சு!"

அப்புறம் ரெண்டு நாள் அவ அதையே நோண்டிகினு கெடந்தா. மூணாம் நாள் ஓடியாந்தா. "அக்கா, கண்ணாடி மேல தூக்கறப்ப எனக்கு இருட்டிடும். அதாவது, படம் விழுற அந்த நொடி மட்டும் எனக்குத் தெரியாது. இத்தினி வருசம் நான் எடுத்த எந்தப் படத்தையும் எடுக்கறப்ப நான் பார்த்ததே இல்லக்கா! சத்தம் மொதல்ல வருது, படம் அப்புறம் விழுது. அந்தச் சந்துல பெரிம்மா கண்ண மூடிடறாங்க."

"சரி, அதுக்கு?"

"மிரர்லெஸ்ல சத்தத்த நிறுத்திடலாம். இருட்டாவும் ஆகாது. அவங்களுக்கு எடுத்ததே தெரியாது."

வாங்கறதுக்கு முன்னாடி பார்த்துடலாம்னு நரசிம்மன் அண்ணன்கிட்டயே ஒண்ணு வாடகைக்கு வாங்கினா. டிவின்னு திட்டின மனுசன் அலமாரியில அத வெச்சிருந்தாரு பாருங்க. விசயத்த பூவாயியம்மாகிட்ட சொல்லாதக்கான்னு என்கிட்ட சத்தியம் வேற வாங்கினா. சொன்னா, சத்தம் வராதுன்னு தெரிஞ்சு அதுக்கும் சேர்த்து மூடிடுவாங்களாம்.

கல்யாணத்தன்னிக்கு தாலி கட்டி முடிஞ்சு, மேடையில சொந்தக்காரங்க வரிசை. மொதல்ல பொண்ணு வூட்டுக்காரங்க. அவங்களுக்குப் பழைய கேமரா போதும்னு அதுலயே எடுத்தா, பாவம் அதுவும் அன்னிக்குன்னு ஒழுங்கா வேலை செஞ்சுது. டக், டக்குன்னு சத்தம், வந்தாங்க, நின்னாங்க, எறங்கினாங்க. அடுத்தது மாப்பிள்ளை வூடு. ஜெனி கேமராவ மாத்தினா. ஃப்ளாஷ் கூட வேணாம்னு வீடியோ லைட்டுலயே எடுக்க ஆரம்பிச்சா.

பூவாயியம்மா புள்ள பக்கத்துல நின்னாங்க. ஜெனி எடுத்தா, ஒரு சத்தமும் இல்ல. அவங்க அப்படியே நிக்கறாங்க. கண்ண ரெண்டு விரக்கடை தொறந்து வெச்சுகினு, ஊர் எல்லையில நிக்கற ஐயனார் கணக்கா மொறைச்சுகினு, மூச்ச அடக்கிகினு நிக்கறாங்க. சத்தம் வந்தாத்தானே மூச்ச விடுவாங்க? பின்னாடி மாமன் மச்சான் எல்லாம் அதே மாதிரி வெறச்சுகினு நிக்கறானுங்க. வரிசை மண்டப வாசல் வரைக்கும் போயிடுச்சு.

"ஆச்சு பெரிம்மா, எறங்கலாம்."

"இன்னாத்த ஆச்சு? எடுக்கவே இல்லியே!"

"எடுத்துட்டேன், இதோ பாருங்க"ன்னு கேமராவ நீட்டினா. கிட்டத்துல இருக்கறது எதுவும் அவங்களுக்குத் தெரியாது, மூக்குக் கண்ணாடிய வூட்டுல வெச்சுட்டு வந்துட்டாங்க. தள்ளிவுட்டுட்டாங்க.

"பொண்ணு வூட்டுக்காரங்களுக்கு டக்கு டக்குன்னு எடுத்த. எங்காளுங்களுக்கு மட்டும் சும்மா தூக்கிக் காட்டறியா? நாங்க இன்னா, இளிச்சவாயங்களா?"

போச்சு. மாப்பிள்ளை மாமன் ஒருத்தரு வேட்டிய மடிச்சுக் கட்டிகினு மேடையில ஏறிட்டாரு. பொண்ணோட சித்தப்பா, "எங்கள எதுக்கு இழுக்கறீங்க"ன்னு இந்தப் பக்கத்துலேர்ந்து ஏறறாரு. அனு அழுவ ஆரம்பிச்சா, நான் போட்ட மை கரையுது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஜெனிய அங்கயே ரெண்டு அறை குடுத்திருப்பேன். சத்தத்த வர வையடின்னு சைகை காட்டினேன். அந்தப் பைத்தியம் பயத்துல இன்னா பண்ணிச்சு தெரியுமா? கேமராவ நெஞ்சுகிட்ட புடிச்சுகினு, நாக்கால 'ச்சு, ச்சு'ன்னு சத்தம் குடுத்தா!

மண்டபமே கப்சிப்.

"என் புள்ளையையும் மருமவளையும் பார்த்து உச்சு கொட்டறியா?" பூவாயியம்மா விரல நீட்டிகினு ஒரு அடி முன்னால வந்தாங்க. "மாலையும் கழுத்துமா நிக்கற புள்ளைங்களப் பார்த்து உச்சு கொட்டறியாம்மே நீ?" மாமனையும் சித்தப்பனையும் ஒரே கையால ஒதுக்கிட்டு, புள்ளையையும் மருமவளையும் முந்தானைக்குப் பின்னாடி இழுத்து நிறுத்திட்டாங்க. யாரு கண்ணும் படக் கூடாதாம்.

யா அல்லா, இனிமே நான்தான்னு மேடை ஓரத்துக்கு ஓடினேன். கையில பவுடர் டப்பா இருந்துச்சு. மூடியத் தொறந்து மூடினேன், 'டப்'. எல்லாரும் திரும்பினாங்க. "புது கேமரா, சத்தம் என் கையிலேர்ந்து வரும். நில்லுங்க எல்லாரும்"னு அடிச்சு விட்டேன். நம்பினாங்களான்னு கேட்டா, சத்தத்த நம்பினாங்க. 'டப்', எறங்கு. 'டப்', எறங்கு. பூவாயியம்மாவும் நின்னாங்க. ஒவ்வொரு 'டப்'புக்கும் கண்ணு மூடிச்சு. நான் டப்பாவ மூடறேன், அவங்க கண்ண மூடறாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அவங்க கேட்டது ஒரே ஒரு படம், அதையும் நான்தான் கெடுத்துகினு இருந்தேன்.

அடுத்த வாரம் அவங்க பார்லருக்கு வந்தாங்க, இந்தத் தபா மூக்குக் கண்ணாடியோட. ஜெனி லேப்டாப்பத் தொறந்தா. நான் டீ போடற சாக்குல திரும்பி நின்னுகினேன்.

மொதல் படம், அந்த ஐயனார் பார்வை. "ஐய, இது எந்தப் பேயி?"ன்னாங்க. அப்புறம் டப்பா சத்தத்துல எடுத்தது, வரிசையா. "இது நான்தான். தூங்கறேன்"னாங்க. குரல் எறங்கிடுச்சு.

ஜெனி அடுத்தத வெச்சா.

அது சண்டையில எடுத்தது. நெஞ்சுகிட்ட வெச்சிருந்த கேமராவுல அவ விரலு பட்டன வுடவே இல்ல, யாருக்கும் கேக்கல. விரல் நீண்டு கீது. முந்தானைக்குப் பின்னாடி புள்ளையும் மருமவளும் கீறாங்க. கண்ணு ரெண்டும் முழுசா தொறந்து நேரா நம்மள பாக்குது. கோவம்தான். ஆனா அந்தக் கோவத்துக்கு உள்ள இருந்தது அத்தனையும் கண்ணுல கீது.

பூவாயியம்மா கிட்டத்துல குனிஞ்சு பார்த்தாங்க. அப்புறம் ஸ்க்ரீன்ல தன் கண்ணையே விரலால தொட்டாங்க. "என் கண்ணு இப்டியா கீது? இது எங்கம்மா கண்ணாச்சே."

"அழகா கீறீங்க பெரிம்மா"ன்னேன். நிஜமாவே சொன்னேன்.

"இதையே பெருசு பண்ணு. நான் போனப்புறம் எவனாச்சும் மாலையப் போட்டுட்டு அழுதா, எதுக்குடா அழுவறன்னு கேக்கற மாதிரி கீது."

ஜெனி கண்ணத் தொடைச்சுகினு, அந்த நெலமையிலயும் கேக்கறா பாருங்க: "பெரிம்மா, நீங்களே சொல்லுங்க. நான் எந்தக் கேமராவ வாங்கட்டும்?"

அவங்க பையத் தோள்ல மாட்டிகினு எழுந்தாங்க.

"சத்தம் போடாததையே வாங்கும்மே. சத்தத்த நான் போட்டுக்கறேன்."